சுவருக்கு எத்தனை அங்குலம்?

திருவனந்தபுரம் பூஜப்புராவில், மத்திய சிறைச்சாலையின் நீண்ட மதிலைத் தாண்டிச் சற்றுத் தூரம் நடந்தால் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வரும். அதன் நாலாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவருக்கு வங்கி வேலை. மனைவி பள்ளியில் கணித ஆசிரியை. மகள் பிளஸ் டூ. இரண்டு படுக்கையறை, 22 அடிக்கு 12 அடியில் ஒரு கூடம். மூன்று பேருக்குத் தாராளமாகவே இருந்தது, நாகர்கோவில் வீட்டில் தனியாக இருந்த கணவரின் தாயார் ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழும்வரை.

எலும்பு முறியவில்லை. ஆனால் 81 வயதில் இனி அவரைத் தனியாக விடுவதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழைத்து வந்தாயிற்று. எங்கே படுக்க வைப்பது? பேத்தியின் அறையில் என்றால் பேத்திக்குப் பரீட்சை. கூடத்தில் என்றால் வருவோர் போவோர் எல்லோருக்கும் நடுவில் ஒரு கட்டில். கடைசியில், கூடத்தின் பால்கனிப் பக்கத்தில் பத்தடியைத் தடுத்து ஓர் அறையாக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. 12 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஒரே ஒரு இடைச்சுவர். ஒரு வாரத்து வேலை. பேச்சு முடியத்தான் ஒன்றரை மாதம் ஆனது.

ஏனென்றால் அந்தச் சுவரிடம் வீட்டில் ஆளுக்கொன்றை எதிர்பார்த்தார்கள். பேத்தியின் மேசை கூடத்தில்தான் இருக்கிறது. ஆச்சியின் இருமலும், அதிகாலை நாலரைக்கு அவர் வானொலியில் வைக்கும் பக்திப் பாடலும் தன் பக்கம் வரக்கூடாது என்பது அவள் கோரிக்கை. மகனுக்குச் சுவர் உறுதியாக இருக்க வேண்டும். அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் சுவர்கள் ஒன்றரை அடிக் கனம். அதற்குக் குறைந்த எதையும் சுவர் என்று ஒப்புக்கொள்ள அவர் மனம் இடம் தரவில்லை. ஆசிரியைக்கு, கூடம் இன்னும் குறுகிவிடக்கூடாது. ஒன்பது அங்குலச் சுவரும் பூச்சும் என்றால் தரையில் பத்து அங்குலம் போய்விடும்.

அறைக்குச் சொந்தக்காரியாகப் போகிறவரை யாரும் கேட்கவில்லை. அவராகவே ஒரு நாள் கேட்டார்: "மக்களே, ராத்திரி எனக்கு மூச்சு முட்டிச்சுன்னா, நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்குமா?"

முதலில் வந்த மேஸ்திரிக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஒன்பது இஞ்ச் கட்டினால் யானை மோதினாலும் நிற்கும் என்றார். நாலாவது மாடிக்கு யானை எப்படி வரும் என்று ஆசிரியை கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. ஒன்பது வேண்டாம் என்றால் நாலரை இஞ்ச். அதுவும் வேண்டாம் என்றால் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி மூன்று இஞ்சில் கட்டிவிடலாம், இடமும் மிச்சம், கல்லும் மிச்சம். எந்த அளவுக்கும் அவரிடம் விலை இருந்தது, காரணம்தான் இல்லை.

காரணத்தைச் சொல்ல இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர் வந்தார். மாநிலப் பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் தடை சொல்லத்தான் வந்தார், பிறகு வழிகாட்டியாகிவிட்டார். "டீச்சர், நீங்கள் கணக்கு ஆள்தானே? போட்டுப் பாருங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார்.

கணக்கு கடினமில்லை. நாலரை அங்குலக் கனத்தில் 12 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 45 கன அடிக் கட்டுமானம். இரு புறமும் அரை அங்குலப் பூச்சு, 10 கன அடி. மொத்த எடை ஏறத்தாழ 3 டன். ஒன்பது அங்குலமாக்கினால் 5 டன்னைத் தாண்டிவிடும். இந்தப் பாரம் முழுவதும் ஒற்றைக் கோடாகத் தளத்தின் மீது இறங்குகிறது. கீழே உத்திரம் இருந்தால் கவலையில்லை. இந்த வீட்டில் சுவர் வர வேண்டிய இடத்துக்குக் கீழே உத்திரம் இல்லை. மூன்றாவது மாடிக்காரரின் கூடத்து மேற்தளம் மட்டும்தான். தனி வீட்டில் தரைத்தளத்தில் என்றால் இந்தக் கேள்வியே எழாது. மாடியில் இதுதான் முதல் கேள்வி, பெரும்பாலோர் கேட்காமல் விடுகிற கேள்வியும் இதுதான்.

மூன்று அங்குலச் சுவர் ஏன் கூடாது? அதற்கும் விதி இருக்கிறது. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905. மேல்தளத்தோடு பிடிமானம் உள்ள, பாரம் தாங்காத தடுப்புச் சுவரின் உயரம் அதன் கனத்தைப் போல் 30 மடங்குக்குள் இருந்தால், அது எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் போகலாம் என்கிறது அது. நாலரை அங்குலத்தை 30ஆல் பெருக்கினால் 135 அங்குலம், அதாவது பதினொன்றே கால் அடி. பத்தடிச் சுவருக்கு ஒத்துவரும். மூன்று அங்குலம் ஏழரை அடிக்கே களைத்துவிடும். மேஸ்திரியின் மூன்றாவது விலை அத்துடன் ரத்தாயிற்று.

சுவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் திருவனந்தபுரத்துப் பொறியாளர் ஒருவரால் லாரி பேக்கரைத் தொடாமல் இருக்க முடியாது. இவரும் தொட்டார், ஒரு குற்ற உணர்வோடு. எழுபதுகளில் பேக்கரின் கட்டடங்களைப் பார்த்துச் சிரித்த பொறியாளர்களில் தாமும் ஒருவர் என்றார். "முதல் மழைக்கு விழுந்துவிடும் என்று பந்தயம் கட்டினோம்." பந்தயத்தில் தோற்ற இடத்தைக் காட்டுவதற்காக, ஒரு சனிக்கிழமை தம்பதியரைக் காரில் ஏற்றி உள்ளூர் பிரசாந்த் நகருக்கு அழைத்துப்போனார்.

அங்கே இருப்பது வளர்ச்சி ஆய்வு மையம். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் அதைத் தொடங்கியபோது முதலமைச்சராக இருந்தவர் சி. அச்சுத மேனன். வளாகத்தைக் கட்டும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த அவர், அங்கேயே கட்டடக் கலை படித்தார். போர்க்காலத்தில் குவேக்கர்களின் மருத்துவ உதவிக் குழுவோடு சீனாவுக்குப் போனவர், திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அந்த இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னது தம் வாழ்நாள் முழுவதும் கூடவே வந்ததாக பேக்கர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்ட 1945இல் இந்தியா வந்தவர், கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இமயத்தில் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள், பிறகு வாகமண், பிறகு திருவனந்தபுரம். நாலாஞ்சிறையில் ஒரு குன்றுச் சரிவில் தம் வீட்டைக் கட்டிக்கொண்டு, 2007 ஏப்ரல் 1ஆம் தேதி இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1990இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பே இந்தியக் குடிமகனாகிவிட்டார்.

ஆய்வு மையத்தின் சுவர்களைப் பார்த்ததும் வங்கிக்காரருக்கு ஏமாற்றம். பூச்சு இல்லை. செங்கல் செங்கல்லாகவே நிற்கிறது. பல இடங்களில் சுவரே பாதிதான், மீதி ஓட்டை. ஜாலி என்று வடக்கே சொல்வார்கள். செங்கல்லை இடம் விட்டு இடம் வைத்துக் கட்டினால் ஜன்னல் இல்லாமலே காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும், வெயில் வராது. கேரளத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டங்கள் செய்த வேலைதான் இது. நம் பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிகளுக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆசிரியையின் கண் வேறொன்றில் நின்றது. செங்கற்கள் வழக்கம்போல் படுத்திருக்கவில்லை; பக்கவாட்டில் நிமிர்ந்திருந்தன. 'எலிப்பொறிக் கட்டு' என்றார் பொறியாளர். ஒன்பது அங்குல நீளம், நாலரை அகலம், மூன்று கனம் என்று செங்கல்லை எடுத்துக்கொண்டால், சுவரின் உள்முகத்தில் ஒன்றும் வெளிமுகத்தில் ஒன்றுமாக இரண்டை நீளவாக்கில் நிறுத்துகிறார்கள். மூன்றும் மூன்றும் ஆறு; ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். அடுத்த கல் குறுக்கே நின்று இரு முகங்களையும் பிணைக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. பெயர்க் காரணம் அதுதான்.

காரில் திரும்பும்போதே அவர் கணக்கைப் போட்டுவிட்டார். மூன்று கற்களில் ஒரு அடி நீளம், நாலரை அங்குல உயரம். 54 சதுர அங்குலம். ஒரு கல்லுக்கு 18. நிறைச் சுவரில் ஒரு கல்லுக்குப் பதின்மூன்றரை. ஆக, நாலு கல் வேண்டிய இடத்தில் மூன்றே போதும். கனம் அதே ஒன்பது அங்குலம். கால் பங்கு செங்கல் மிச்சம், வெயிலைத் தாமதப்படுத்தக் காற்று இலவசம். இதில் எந்த மந்திரமும் இல்லை. கொத்தனார் செங்கல்லை வைக்கும் திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கனத்தைப் பற்றிய பேக்கரின் இன்னொரு பாடம் இதைவிடச் சுவாரஸ்யமானது. நாலரை அங்குலச் சுவரை நேர்கோடாகக் கட்டினால் அது பலவீனம். அதையே இடையிடையே மடக்கினால், அல்லது வளைத்தால், தன் காலில் நிற்கும். ஒரு தாளை மேசையில் நிறுத்திப் பாருங்கள், விழும். விசிறிபோல் மடித்து நிறுத்துங்கள், நிற்கும். இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் தோட்டங்களைச் சுற்றிப் பாம்புபோல் நெளிந்து ஓடும் ஒற்றைச் செங்கல் கனச் சுவர்கள் இந்தத் தைரியத்தில்தான் நிற்கின்றன. பேக்கரின் வீடுகளில் சுவர்கள் வளைவதைப் பலர் கலை என்று நினைக்கிறார்கள். அதில் பாதி சிக்கனம். 100 அடிச் சுவரால் ஒரு சதுரத்தை வளைத்தால் உள்ளே 625 சதுர அடி. அதே 100 அடியால் வட்டமாக வளைத்தால் 795. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் செந்நிற உருளையாக நிற்கும் இந்தியன் காபி ஹவுஸில், சுற்றிச் சுற்றி ஏறும் சரிவில் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்ட தமிழர்கள் ஏராளம். அவர்கள் சாய்ந்திருந்த சுவர் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது.

ஸ்ரீகாரியத்தில் லயோலா தேவாலயம் இன்னும் ஒரு படி மேலே. ஆயிரம் பேர் உட்காரும் கூடம், மிக உயரமான சுவர்கள். இரும்பும் கான்கிரீட்டும் சேர்க்காமல் அந்த உயரத்தை நிறுத்த, அகலமான இடைவெளி விட்டு இரண்டு சுவர்களை எழுப்பி, குறுக்கே செங்கல்லாலேயே பிணைத்தார். இரண்டு சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை ஜாலி. 1971இல் முடிந்தபோது இருக்கைகள் உள்பட ஆன செலவு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்.

இவ்வளவும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய வங்கிக்காரர் ஒரே நாளில் பேக்கர் பக்தராகிவிட்டார். கூடத்தின் நடுவே ஒரு ஜாலிச் சுவர், அதுவும் வளைத்து! மகள் சிரித்தாள். ஓட்டை வழியாக ஆச்சியின் பாட்டு மட்டுமல்ல, ஆச்சி மூச்சு விடுவதும் கேட்குமே?

அவள் கேட்டது நியாயம். பேக்கரின் சுவர் வெயிலையும் மழையையும் செலவையும் தடுப்பதற்காக யோசிக்கப்பட்டது. இந்த வீட்டில் தடுக்க வேண்டியது ஓசையை. ஆய்வு மையத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கணினிகள் வந்தபோது அவற்றுக்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. வெளியே ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாக வழக்கமான ஜாலிச் சுவர். உள்ளே கணினிகளுக்காகத் தனியாக மூடிய இன்னொரு சுவர். இரண்டுக்கும் நடுவிலிருந்த இடத்தை அலுவலகத்துக்கும் சாமான் வைக்கவும் பயன்படுத்தினார். ஒரே சுவர் எல்லா வேலையையும் செய்யாது என்று தெரிந்ததும் இரண்டாவது சுவரைக் கட்ட அவர் தயங்கவில்லை.

ஓசைக்கும் சுவருக்கும் உள்ள உறவை எழுத பூஜப்புராவைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நாற்பதுகளில் இதே மத்திய சிறையில் இருந்தவர் வைக்கம் முகமது பஷீர். ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே நின்ற உயரமான மதிலின் மறுபுறத்திலிருந்து நாராயணி என்ற பெண்ணின் குரல் மட்டும் வருகிறது. 'மதிலுகள்' என்ற அவருடைய குறுநாவல் அந்தக் குரலைப் பற்றியது. அடூர் கோபாலகிருஷ்ணன் அதைப் படமாக்கியபோது நாராயணியைக் காட்டவே இல்லை. அத்தனை கனமான மதிலைத் தாண்டிக் குரல் எப்படி வந்தது என்று ஒரு கட்டடக்காரர் கேட்டால், விடை சுலபம். ஓசை மதிலைத் துளைத்து வரவில்லை. மேலே திறந்த வானம் இருந்தது. அதைச் சுற்றி வந்தது.

வீட்டுச் சுவரிலும் இதுதான் நடக்கிறது. சுவரின் பரப்பில் 100இல் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மீதி 99 பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும், 20 டெசிபெல்லுக்கு மேல் அது ஓசையைத் தடுக்காது. கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு வெண்டிலேட்டர், கதவுக்கடியில் ஓர் அங்குல இடைவெளி. அவ்வளவுதான், ஒன்பது அங்குலச் செங்கல்லும் வீண்.

கனத்தை இரட்டிப்பாக்கினால் அமைதியும் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையும் தவறு. சுவரின் எடை இரண்டு மடங்கானால் கூடுதலாகத் தடுபடுவது ஐந்தாறு டெசிபெல். காதுக்கு ஓசை பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றவே பத்து டெசிபெல் வேண்டும். பூசிய நாலரை அங்குலச் சுவர் 45 டெசிபெல் அளவுக்குத் தடுக்கும். ஒன்பது அங்குலம் 50ஐ எட்டும். இரண்டரை டன் கூடுதல் பாரத்துக்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவே. எலிப்பொறிக் கட்டில் நடுவே காற்று இருக்கிறதே என்றால், அங்கே குறுக்குக் கற்கள் இரு முகங்களையும் கட்டிப்பிடித்திருக்கின்றன. ஒரு முகம் அதிர்ந்தால் மறுமுகமும் அதிரும். வெயிலுக்கு அது நல்ல சுவர், இருமலுக்கு இல்லை.

ஓசைக்கு வேண்டியது, ஒன்றையொன்று அதிகம் தொடாத இரண்டு தோல்கள், நடுவே காற்று, காற்றில் அதிர்வை விழுங்கும் பஞ்சு. கழக்கூட்டம் டெக்னோபார்க்கைப் போன்ற இடங்களில், வாரக் கடைசியில் காலி அறையாக இருந்தது திங்கட்கிழமை நாலு அறையாகிவிடுவது இந்த வகைச் சுவரால்தான். ஜிப்சம் பார்ட்டிஷன் என்கிறார்கள். தரையிலும் மேற்தளத்திலும் தகரத்தாலான தடங்கள். அவற்றுக்கிடையே இரண்டடிக்கு ஒன்றாக நிற்கும் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்கள். இரு புறமும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை. மேலைநாடுகளில் சட்டங்கள் மரத்தில் இருக்கும். கேரளத்து ஈரத்திலும் சிதலிலும் மரச்சட்டம் எத்தனை நாள் என்று கேட்டால் ஆசாரிகளே கையை விரிக்கிறார்கள்.

வங்கிக்காரர் இதைக் கேட்டதுமே முகம் சுளித்தார். அவர் அகராதியில் அது சுவரில்லை, தட்டி. தமிழில் இந்த வேறுபாடு கறாரானது. வெளியே நிற்பது மதில், வீட்டைத் தாங்குவது சுவர், மறைப்பது தட்டி. மூங்கிலும் ஓலையும் கொண்டு மறைத்த காலத்துச் சொல். தட்டிக்குப் பின்னால் படுக்க வைப்பதென்றால் அம்மாவை அவமதிப்பதாக அவருக்குப் பட்டது. இந்தப் பேச்சு இரண்டு வாரம் நீண்டது. கணக்குக்கு அவர் கட்டுப்படுவார், மரியாதை பற்றிய கேள்விக்குத்தான் கணக்கில்லை.

பொறியாளர்தான் எண்களோடு மீண்டும் வந்தார். ஒற்றைப் பலகை வைத்த சாதாரண பார்ட்டிஷன் தடுப்பது 35 டெசிபெல் மட்டுமே. அது தட்டிதான், ஒப்புக்கொள்கிறேன் என்றார். 70 மில்லிமீட்டர் சட்டம், நடுவே ராக்வுல், இரு புறமும் இரண்டிரண்டு பலகை என்று போனால் ஒன்பது அங்குலச் செங்கல்லின் இடத்துக்கு வந்துவிடும். கனம்? 70உம் நாலு பலகைக்கு 50உம் சேர்த்து 120 மில்லிமீட்டர், ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. பூசிய நாலரை அங்குலச் சுவரைவிட ஒல்லி. எடை ஏறத்தாழ அரை டன். தளம் அதைத் தாங்கும் என்று கட்டட வரைபடத்தைப் பார்த்து அவரே எழுதியும் கொடுத்தார். கனமான பீரோவும் நாலு விருந்தாளிகளும் உட்கார்ந்தால் ஆகிற எடை.

செங்கல்லுக்காக இன்னும் ஏங்குகிறவர்களுக்கு வேறொரு செய்தியும் உண்டு. நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புக்காகக் கேரளம் 2008இல் சட்டம் கொண்டுவந்தது. வயலைத் தோண்டிக் களிமண் எடுப்பது முன்போல் எளிதல்ல. பேக்கரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பும், அவர் பெயரில் விளப்பில்சாலையில் இயங்கும் மையமும் இப்போது மண் சுவரையும் மூங்கிலையும் பற்றி நிறையப் பேசுகின்றன. ஐந்து மைல் கணக்கை இன்று போட்டால் விடை செங்கல்லாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வேலை நாலு நாளில் முடிந்தது. அதில் சின்னச் சின்ன விஷயங்களே அதிகம், அவற்றில் பாதியை ஆசிரியை பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. தடங்களுக்கடியில் ரப்பர் பட்டை வைக்காமல் முடுக்கப் பார்த்தார்கள், நிறுத்தினார். இரு புறத்து மின் பெட்டிகளையும் முதுகோடு முதுகாக வைத்தால் அது சுவரில் ஒரு ஓட்டை. தள்ளி வைக்கச் சொன்னார். பலகை தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் தரை துடைக்கும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியைப் பசையால் அடைத்தார்கள். பால்கனியிலிருந்து சாரல் அடிக்கும் முனையில் ஈரம் தாங்கும் பச்சைப் பலகை. கிழவியின் கட்டிலருகே பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வேண்டும். ஜிப்சத்தில் திருகாணி நிற்காது. ஆகவே பலகையை மூடுவதற்கு முன்பே, கம்பி வரும் இடத்தில் சட்டங்களுக்கு நடுவே பிளைவுட் துண்டைப் பொருத்தினார்கள். இதை மறந்துவிட்டுப் பிறகு சுவரைப் பிய்த்தவர்கள் ஊரில் பல பேர். கதவு உள்ளீடற்றதாக இல்லாமல் நிறைக் கதவு, அடியில் ரப்பர் நாக்கு.

வர்ணம் காய்ந்த அன்று கிழவி நடந்து வந்து சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்றது. "உள்ள ஒண்ணுமில்லியே மக்களே" என்றார். மகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பேத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வானொலியை வைத்தாள். கூடத்தில் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஆச்சியை உள்ளே உட்கார வைத்துக் கூப்பிடச் சொன்னார்கள். அதுவும் கேட்கவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு அவர் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. அழைப்பு மணி ஒன்று வாங்கி வந்தார்கள். பொத்தான் எந்தப் பக்கம் என்று இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. மணியின் சத்தத்துக்கு அவரே பயந்தார்.

வழி பழைய சுவரிலேயே இருந்தது. புது அறையின் ஒரு பக்கச் சுவர், தம்பதியரின் படுக்கையறைக்கும் பொதுவான நாலரை அங்குலச் செங்கல் சுவர். காற்றில் வருகிற குரலைச் செங்கல் தடுக்கும். ஆனால் செங்கல்லையே தட்டினால், அந்த அதிர்ச்சியை அது மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மேல் வீட்டில் உலக்கை போட்டால் கீழ் வீட்டில் கேட்பது இதனால்தான். கட்டிலைத் திருப்பி, தலைமாடு அந்தச் சுவரை ஒட்டி வருமாறு போட்டார்கள். கைத்தடி எட்டும் தூரத்தில் சாத்தி வைத்தார்கள். தண்ணீர் வேண்டுமானால் ஒரு தட்டு, உடம்புக்கு ஏதாவது என்றால் இரண்டு.

முதல் வாரத்தில் மூன்று முறை தட்டினார். இரண்டு முறை தண்ணீருக்கு. மூன்றாவது முறை, விடியற்காலை மூன்று மணிக்கு, இரண்டு தட்டு. மகனும் மருமகளும் அடித்துப்பிடித்து ஓடினார்கள். கிழவி விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்" என்றார்.